ஹை-பவர் எல்இடி வைத்து வீட்டிலேயே விளக்கு செய்ய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசை விளக்கு, சமையல் மேடைக்கு மேலே ஒரு பட்டை விளக்கு, கரண்ட் போனால் எரிய ஒரு பேட்டரி விளக்கு என்று சில வருடங்களாக வீட்டில் எதையாவது ஒட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. இங்கே சொல்வதெல்லாம் 12 அல்லது 24 வோல்ட் டிசியில் ஓடும் விளக்குகளுக்கு. 230 வோல்ட்டைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

ஹை-பவர் எல்இடி என்று எதைச் சொல்கிறீர்கள்?

சார்ஜரிலும் ரேடியோவிலும் மினுக்கும் 5 மி.மீ. எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் போதும். ஒரு வாட் எல்இடிக்கு 350 மில்லி ஆம்பியர் வேண்டும், மூன்று வாட் என்று விற்பதற்கு 700. வெள்ளை எல்இடி ஒன்று ஏறக்குறைய 3 முதல் 3.4 வோல்ட் எடுக்கும், சிவப்பு 2 முதல் 2.4 தான். பார்த்தாலே அடையாளம் தெரியும்: அடியில் உலோகப் பொட்டு ஒன்று இருக்கும். உள்ளே பிறக்கும் சூடு வெளியே இறங்கும் வாசல் அது. அந்தப் பொட்டோடு சேர்த்து 20 மி.மீ. அலுமினியத் தட்டில் பற்றவைத்து விற்பதை 'ஸ்டார்' என்பார்கள். முதல்முறை செய்கிறவர் ஸ்டாரோடு வருவதையே வாங்குங்கள். தனிச் சிப்பின் அடிப்பொட்டு சில வகைகளில் பிளஸ் முனையோடு இணைந்திருக்கும். இரண்டு மூன்றை ஒரே அலுமினியத்தில் நேராக ஒட்டினால் ஷார்ட் ஆகிவிடும். ஸ்டாரில் நடுவே மெல்லிய இன்சுலேஷன் படலம் இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை.

வெள்ளை எல்இடி அணைந்திருக்கும்போது ஏன் மஞ்சளாகத் தெரிகிறது?

உள்ளே இருப்பது நீல எல்இடி. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு இன்னும் முப்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தது அந்த நீலத்துக்காகத்தான்.

மூன்று எல்இடியை வரிசையாகப் போட்டு 12 வோல்ட் அடாப்டரில் நேராகக் கொடுத்தால் எரியாதா?

எரியும். அதுதான் பிரச்சினை. நான் முதலில் செய்த விளக்கு அப்படித்தான் எரிந்தது. பிரமாதமான வெளிச்சம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் நீலமாக ஒரு மினுக்கு, கொஞ்சம் நாற்றம், முடிந்தது.

காரணம் இது. சாதாரண குண்டு பல்பில் வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் கரண்டும் கொஞ்சம்தான் கூடும். எல்இடியில் அப்படி இல்லை. ஒரு அளவு தாண்டியதும், வோல்ட் பத்தில் ஒரு பங்கு ஏறினாலே கரண்ட் இரண்டு மடங்காகிவிடலாம். அதோடு நிற்பதில்லை. எல்இடி சூடாகும்போது அதற்குத் தேவைப்படும் வோல்ட் டிகிரிக்கு 2 முதல் 4 மில்லி வோல்ட் வரை குறைகிறது. நீங்கள் கொடுக்கும் வோல்ட் அப்படியே இருக்கிறது. அதனால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் மறுபடி கரண்ட் ஏறும். சிப் கருகும்வரை இந்தச் சுற்று ஓயாது. ஆகவே எல்இடிக்கு வோல்ட்டைக் கட்டுப்படுத்திப் பயனில்லை, கரண்டைக் கட்டுப்படுத்த வேண்டும். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதாதா?

ரெசிஸ்டர் என்பது கரண்டை மட்டுப்படுத்தும் சின்ன உருப்படி. சின்ன விளக்குக்கு, நிலையான சப்ளை இருந்தால், போதும். 12 வோல்ட்டில் மூன்று வெள்ளை எல்இடி சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்) போட்டால் 9.6 வோல்ட் அவற்றுக்குப் போகும். மீதி 2.4 வோல்ட். அதை 0.35 ஆம்பியரால் வகுத்தால் 6.86, கடையில் கிடைப்பது 6.8 ஓம். அதில் 0.8 வாட் சூடாகப் போகும், எனவே 2 வாட் ரெசிஸ்டர் வாங்குங்கள். கால் வாட் போட்டால் அதுதான் முதலில் புகையும்.

இதே சுற்றை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் கணக்கு கலைந்துவிடும். பெயர்தான் 12, சார்ஜ் ஆகும்போது லெட்-ஆசிட் பேட்டரி 14.4 வரை போகும். அப்போது ரெசிஸ்டர்மேல் 4.8 வோல்ட், அதாவது கணக்குப்படி 700 மில்லி ஆம்பியர். எல்இடியின் வோல்ட்டும் கொஞ்சம் ஏறுவதால் முழு 700 வராது, ஆனாலும் 350-க்கு வெகு மேலே. பேட்டரி 11.5-க்கு இறங்கியதும் அதே விளக்கு 280-இல் மங்கும். பேட்டரி என்றால் ரெசிஸ்டரை மறந்துவிடுங்கள்.

அப்படியானால் எந்த டிரைவர் வாங்குவது?

டிரைவர் என்பது எல்இடிக்குப் போகும் கரண்டை ஒரே அளவில் பிடித்து நிறுத்தும் சுற்று. மூன்று வழி இருக்கிறது.

பழைய வழி எல்எம்317 ஐசி. வெளியேறும் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் வைத்தால் 1.25-ஐ அந்த ஓமால் வகுத்த கரண்டை அது பிடித்து நிறுத்தும். 3.6 ஓம் வைத்தால் ஏறக்குறைய 350 மில்லி ஆம்பியர். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சுற்று கிடையாது. ஆனால் அது வேலை செய்யக் கிட்டத்தட்ட 3 வோல்ட் அதற்கே வேண்டும். 12 வோல்ட்டில் மூன்று எல்இடி ஓட்டினால் கரண்ட் குறைந்துவிடும், இரண்டுதான் சரியாக வரும். மிச்ச வோல்ட் முழுக்கச் சூடு, ஆகவே ஐசிக்கும் தனியாக ஹீட் சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) வேண்டும்.

நான் இப்போது பயன்படுத்துவது பிடி4115 ஐசி வைத்த, வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் பக் டிரைவர் போர்டு. கட்டை விரல் அகலம்கூட இருக்காது. 30 வோல்ட் வரை தாங்கும், சூடும் குறைவு. போர்டில் இருக்கும் சின்ன சென்ஸ் ரெசிஸ்டர்தான் கரண்டைத் தீர்மானிக்கிறது: 0.1-ஐ அந்த ஓமால் வகுங்கள். 0.3 ஓம் என்றால் 330 சொச்சம் மில்லி ஆம்பியர். வாங்கிய போர்டில் 700 என்று எழுதியிருந்தாலும் அந்த ரெசிஸ்டரைப் படித்துப் பாருங்கள். எழுத்து ஒன்று, ரெசிஸ்டர் ஒன்றாக இருந்த போர்டுகள் என் டப்பாவில் இரண்டு கிடக்கின்றன.

ஒரே ஒரு லித்தியம் செல்லில் ஓடும் டார்ச்சுக்கு ஏஎம்சி7135. ஒரு ஐசிக்கு 350 மில்லி ஆம்பியர். இரண்டைப் பேரலலில் (பக்கம் பக்கமாக) போட்டால் 700. வேறு கணக்கே தேவையில்லை.

சீரியலா, பேரலலா?

சீரியல். எல்லா எல்இடியிலும் ஒரே கரண்ட் ஓடும் என்பதால் பிரகாசமும் ஒன்றாக இருக்கும். பேரலலில் எந்த எல்இடிக்கு வோல்ட் தேவை இம்மியளவு குறைவோ அது மற்றவற்றின் பங்கையும் சேர்த்துக் குடிக்கும், முதலில் சாகும், பிறகு அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும். பேரலல் தவிர்க்க முடியாது என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டரோ தனி டிரைவரோ கொடுங்கள்.

ஹீட் சிங்க் அவசியமா? எல்இடி சூடாகாது என்கிறார்களே?

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ தெரியாது, நிறைய எல்இடிகளைக் கொன்றிருக்கிறது. குண்டு பல்பு தன் சூட்டில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக முன்பக்கமாகவே வீசிவிடும்; கையை நீட்டினால் உறைக்கும். வெள்ளை எல்இடியின் ஒளியில் அந்தக் கதிர் அநேகமாக இல்லை. அதனால் முன்னால் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. சூடு முழுக்கப் பின்பக்கம் அந்த உலோகப் பொட்டு வழியாக இறங்கியாக வேண்டும். வழி இல்லையென்றால் உள்ளேயே தங்கும்.

எவ்வளவு என்று பார்ப்போம். விலை குறைந்த 10 வாட் எல்இடியில் 7 வாட் சூடாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட் சிங்க் 'வாட்டுக்கு 5 டிகிரி' வகை என்றால் அது அறையைவிட 35 டிகிரி மேலே போகும். மே மாதத்தில் அறையே 38. ஆக ஹீட் சிங்க் 73 டிகிரி. சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே இன்னும் 15, 20 டிகிரி வித்தியாசம் இருக்கும் என்பதால் உள்ளே 90-ஐ ஒட்டிப் போய்விடும். நல்ல கம்பெனிச் சிப்புகள் 150 வரைகூடத் தாங்கும் என்று தாளில் போட்டிருப்பார்கள். உயிரோடு இருக்கும் என்பதுதான் அதற்குப் பொருள். சூடு ஏற ஏற வெளிச்சம் குறையும், ஆயுளும் குறையும். குளிர் நாட்டுக்காரர் செய்து காட்டும் வீடியோவில் அந்தச் சின்ன ஹீட் சிங்க் போதுமாக இருப்பதற்கு அவர் அறை 20 டிகிரியில் இருப்பதும் ஒரு காரணம்.

என் தோராயக் கணக்கு: விசிறி இல்லாமல் ஓட, வாட்டுக்கு 60 சதுர செ.மீ. அலுமினியப் பரப்பு. இரண்டு பக்கமும் காற்றில் படும் 10-க்கு 10 செ.மீ. தகடு, 3 மி.மீ. தடிமனில், மூன்று ஒரு-வாட் எல்இடிகளுக்குச் சரியாக இருக்கும். ஜன்னல் சட்டம் செய்யும் ஃபேப்ரிகேஷன் கடையில் துண்டு அலுமினியம் எடைக்கே கிடைக்கும். பழைய கம்ப்யூட்டரின் பிராசசர் ஹீட் சிங்க் கிடைத்தால் 10 வாட் வரை பேசாமல் ஓட்டலாம். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். அதோடு வரும் 12 வோல்ட் விசிறியை 7 வோல்ட்டில் ஓட்டினால் சத்தமும் வராது, சூடும் பாதியாகும்.

எவர்சில்வர் தட்டில் ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டார். பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் எவர்சில்வர் பத்தில் ஒரு பங்கு அளவுகூட வெப்பம் கடத்தாது. பாட்டி காலத்து அலுமினியப் பாத்திர மூடி அதைவிட எவ்வளவோ மேல். நான் ஒன்றில் செய்தும் இருக்கிறேன், நடுவில் இருந்த கைப்பிடித் துளையிலேயே வயர் போயிற்று.

ஹீட் சிங்கின் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டுங்கள், சூடான காற்று மேலே ஓட வழி வேண்டும். அழகுக்காகப் பெட்டிக்குள் அடைத்துவிடாதீர்கள். முடித்ததும் ஒரு மணி நேரம் எரியவிட்டு, ஸ்டாருக்குப் பக்கத்தில் உலோகத்தில் விரல் வையுங்கள். ஐந்து வினாடி தாங்க முடிந்தால் நல்லது. சட்டென்று இழுத்துக்கொண்டால் கரண்டைக் குறையுங்கள். 700-க்கு உரிய எல்இடியை 350-இல் ஓட்டினால் வெளிச்சம் பாதிக்கும் மேலேயே வரும், சூடு பாதிக்கும் கீழே போகும். என்னைக் கேட்டால் எந்த எல்இடியையும் முழுக் கரண்டில் ஓட்டவே கூடாது.

ஸ்டாரை எதனால் ஒட்டுவது?

இரண்டு திருகும், நடுவே மெல்லியதாகத் தெர்மல் பேஸ்ட்டும். பேஸ்ட்டின் வேலை இடுக்குகளை நிரப்புவது மட்டும், ஆகவே தோசைக்கு எண்ணெய் தடவுவதுபோல லேசாக. திருகு போட வழியில்லை என்றால் தெர்மல் பசை. ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசைகள் வேண்டாம். அவற்றின் ஆவி எல்இடியின் சிலிக்கான் மூடிக்குள் ஊடுருவி, பிறகு சூட்டிலும் நீல ஒளியிலும் பழுப்பேறும்.

சால்டர் ஒட்டவே மாட்டேன் என்கிறதே?

25 வாட் அயர்ன் வைத்திருப்பீர்கள். ஸ்டாரின் அலுமினியம் சூட்டை உறிஞ்சிவிடுகிறது, ஈயம் உருண்டையாக நிற்கிறது. 60 வாட் அயர்ன், அகலமான முனை, ஹீட் சிங்கில் ஒட்டுவதற்கு *முன்பே* சால்டர் செய்வது, இவை மூன்றும் போதும். வயர் நுனிக்கும் ஸ்டாரின் புள்ளிக்கும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசிவிட்டு அப்புறம் சேர்த்தால் இரண்டு வினாடி வேலை.

என் அறைக்கு எத்தனை எல்இடி வேண்டும்?

வாட்டை விடுங்கள், லூமனைப் பாருங்கள், வெளிச்சத்தின் அளவு அதுதான். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் கொடுத்தது. சாதாரண ஒரு வாட் எல்இடி 90, 100 லூமன். படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 லூமன் போதும், அதாவது நான்கைந்து எல்இடி. சிறிய அறைக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும்.

பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். ஒரே ஒரு 18650 லித்தியம் செல் போட்டு '50,000 லூமன்' டார்ச் விற்கிறார்கள். வாட்டுக்கு 200 லூமன் தரும் மிக நல்ல எல்இடி என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு 250 வாட் வேண்டும். அந்தச் செல்லில் இருப்பது 10, 12 வாட்-மணி. மூன்று நிமிடம்கூட வராது, அதற்கு முன் 70 ஆம்பியர் இழுத்துச் செல்லே வெடிக்கும். அதேபோலச் சந்தையில் 'மூன்று வாட்' என்று கிடைப்பவை பலவற்றில் உள்ளே இருப்பது ஒரு வாட் சிப்தான். மேலிருந்து உற்றுப் பார்த்தால் நடுவே தெரியும் சதுரத்தின் அளவு காட்டிக்கொடுத்துவிடும்.

6500 கெல்வினா, 3000 கெல்வினா?

கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாகும், இறங்க இறங்க மஞ்சளாகும். நம் ஊரில் 'நல்லா வெள்ளையா இருக்கணும்' என்று 6500-தான் கேட்டு வாங்குகிறோம். டியூப் லைட் பழக்கம். சமையல் மேடைக்கு 4000, படுக்கையறைக்கு 2700 அல்லது 3000 என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள், திரும்பிப் போகமாட்டீர்கள்.

நிற வெப்பநிலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சிஆர்ஐ, அதாவது பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற எண். 100 முழு மதிப்பெண். மலிவான எல்இடி 70-இல் நிற்கும். அதன் கீழே தக்காளி பழுத்திருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு மண் நிறமாகத் தெரியும். 90 சிஆர்ஐ எல்இடி வெளிச்சம் கொஞ்சம் குறைவாகத் தரும், விலையும் கூடுதல். சாப்பாட்டு மேசைக்கும் தையல் மேசைக்கும் அந்தக் காசு தகும். மாடிப்படிக்குத் தேவையில்லை.

100 வாட் சிஓபி ஒன்று மலிவாகக் கிடைத்தது. 12 வோல்ட்டில் எரியவில்லையே?

சிஓபி என்றால் பல சிப்புகளை ஒரே தட்டில் நெருக்கமாகப் பதித்த எல்இடி. அதற்குள்ளே பத்துப் பத்தாக நூறு சிப்புகள், ஒவ்வொரு வரிசையிலும் பத்து சீரியலில். அதனால் 30 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், 3 ஆம்பியர் இழுக்கும். வோல்ட்டை ஏற்றும் பூஸ்ட் டிரைவரும் விசிறியோடு பெரிய ஹீட் சிங்கும் இல்லாமல் தொடாதீர்கள். வீட்டுக்குள் அவ்வளவு வெளிச்சம் ஒரே புள்ளியிலிருந்து வந்தால் கண் கூசும், நிழல் கத்திபோல விழும். அதே வெளிச்சத்தைப் பத்து இடமாகப் பிரித்தால் சூடும் பிரியும், கண்ணுக்கும் இதம். எனக்கு இந்த ராட்சதச் சிப்புகள்மீது ஆசை போய்விட்டது.

லென்ஸ் வேண்டுமா?

வெறும் எல்இடி 120 டிகிரி அகலத்துக்குப் பரப்பும். மேசை விளக்குக்கு 60 டிகிரி லென்ஸ், சாமி படத்தின்மேல் மட்டும் விழ வேண்டும் என்றால் 15 அல்லது 30. 20 மி.மீ. ஸ்டாருக்கு உட்காரும் லென்ஸ் தனியாகவே கிடைக்கும். பரவலான வெளிச்சத்துக்குப் பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட்டை இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

மங்கலாக்க முடியுமா?

பிடி4115 போர்டில் அதற்கென்றே 'டிம்' கால் இருக்கிறது. அதில் துடிப்பாகக் கொடுத்து மங்கலாக்குவதுதான் பிடபிள்யூஎம். துடிப்பு வேகம் குறைவாக இருந்தால் மினுக்கம் கண்ணை உறுத்தும். செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடியுங்கள், படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் மினுக்குகிறது என்று அர்த்தம்.

7 ஆம்பியர்-மணி பேட்டரியில் எவ்வளவு நேரம் வரும்?

12 பெருக்கல் 7, 84 வாட்-மணி. லெட்-ஆசிட்டைப் பாதிக்குமேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே 42. 10 வாட் விளக்கு டிரைவர் இழப்போடு 11 வாட் இழுக்கும். நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

டிரைவர் ஆன் செய்துவிட்டுத்தான் எல்இடியை மாட்டினேன், 'டப்' என்று போய்விட்டது. ஏன்?

எல்இடி இல்லாதபோது டிரைவரின் வெளிமுனை தன்னால் முடிந்த உச்ச வோல்ட்டுக்கு ஏறி நிற்கும், அங்குள்ள கெப்பாசிட்டரும் நிரம்பியிருக்கும். அப்போது எல்இடியைத் தொட்டால் அத்தனையும் ஒரே நொடியில் அதன்மேல் கொட்டும். எப்போதும் முதலில் எல்இடி, கடைசியில் சுவிட்ச்.

230 வோல்ட்டில் நேராக ஓடும் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றனவே?

டிஓபி, அதாவது டிரைவரும் எல்இடியும் ஒன்றாகவே இருக்கும் பலகைகளைச் சொல்கிறீர்கள். அவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு கிடையாது. எரியும்போது ஒவ்வொரு எல்இடியின் காலிலும் மெயின்ஸ் இருக்கிறது, உச்சத்தில் 325 வோல்ட். அதை அலுமினியத்திலிருந்து பிரிப்பது ஒரு மெல்லிய படலம் மட்டுமே. பிளாஸ்டிக் பல்புக்குள் அடைந்து கிடக்கும்வரை சரி. திறந்த ஹீட் சிங்கில் ஒட்டிக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மாட்டுவதற்கு அல்ல. கெப்பாசிட்டர் வைத்து வோல்ட் குறைக்கும் சின்ன டிரைவர்களும் இதே ரகம். பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) பதிவு எண் உள்ள 12 அல்லது 24 வோல்ட் அடாப்டரை வாங்கி, அதற்குப் பிறகு உங்கள் கைவேலையைக் காட்டுங்கள்.

பழுதான எல்இடி பல்பில் கருகிய சிப்பை மட்டும் ஷார்ட் செய்து மறுபடி எரியவிடும் வித்தையும் இதோடு சேர்ந்தது. எரியத்தான் செய்யும். ஆனால் அந்தச் சிப் எடுத்துக்கொண்ட வோல்ட் இப்போது டிரைவர் ஐசியின் தலையில். அது கூடுதலாகச் சூடாகி, கொஞ்ச நாளில் அடுத்த சிப்பையும் கூட்டிக்கொண்டு போகும்.

கண்ணுக்கு ஆபத்தா?

சிப்பை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், லென்ஸ் போட்டதை இன்னும் அதிகமாக. சோதிக்கும்போது சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், அல்லது மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போடுங்கள்.

வாசல் விளக்கில் மழைக்காலத்தில் ஈசல் மொய்க்கிறதே?

2700 கெல்வின் போடுங்கள். நீலம் குறைந்த ஒளிக்குப் பூச்சி குறைவாக வரும். வராமலே இருக்காது. ஹீட் சிங்கின் துடுப்புகளுக்கு நடுவே செத்த ஈசல் அடைந்தால் காற்று ஓடாது, மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள். பல்லி குடித்தனம் வருவதற்கு என்னிடம் இன்னும் வைத்தியம் இல்லை. அதற்கு அந்த இதமான சூடு ரொம்பப் பிடித்திருக்கிறது.